கண்ணுக்குள் பார்த்துச் சொன்ன வயது

மீமிசல் பள்ளிக்கூட வராந்தாவில் கண்ணாடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாசி மாதம் என்று நினைவு, பங்குனியாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் கருவாடு காயும் வாடை, இன்னொரு பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் இரைச்சல். எனக்கு முதல் நாளிலிருந்தே தலைவலி.

மூன்று மாதத்துக்கு முன்னால் நான் அளவெடுத்த கண்களுக்கெல்லாம் அன்று கண்ணாடி கொடுக்கிற நாள். அட்டையை எடுத்துப் பெயரையும் வயதையும் உரக்கப் படிப்பேன். உரியவர் எழுந்து வந்து எதிரே உட்காருவார். அளவெடுத்த அன்றே கொடுத்த, இதே விவரம் எழுதிய சீட்டு ஒன்று அவர் கையில் இருக்கும். இரண்டையும் ஒத்துப் பார்த்துக் கண்ணாடியை மாட்டிவிட வேண்டும்.

"செல்லாயி, வயது நாற்பது" என்று படித்தேன்.

பல்லெல்லாம் போய், காது தோள்வரை தொங்கிய ஒரு கிழவி எழுந்து வந்தாள்.

"செல்லாயி நீங்கதானா?"

"நாந்தான் தாயி. இந்தத் தெருவுக்கு நான் ஒருத்திதான் செல்லாயி."

சீட்டும் சரியாக இருந்தது. கண்ணாடியை மாட்டிவிட்டேன். வெயிலும் தலைவலியும் சேர்ந்து எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தேன். "காளியம்மாள், வயது ஐம்பது."

வந்தவள் தலையில் ஒரு நரைகூட இல்லை. கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மூக்கில் கோணலாக நின்ற கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"இவுங்க யாரு உங்களுக்கு?" என்று கிழவியைக் கேட்டேன்.

"எம் மகதான்."

வராந்தாவே சிரித்தது. "ஆத்தாளுக்கு நாப்பது, மகளுக்கு அம்பது!" என்றாள் ஒருத்தி. ஆனால் சிரித்தார்களே தவிர, தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. "டாக்டரம்மா கண்ணுக்குள்ள மிசினை வச்சுப் பாத்துல்ல சொல்லியிருக்காக" என்றாள் இன்னொருத்தி. செல்லாயிக்கு ஒரே பெருமை. "எனக்கு ஒடம்பு அப்பிடி" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் நான் கொடுக்க வேண்டிய ஆய்வேடு முழுவதும், அந்த அட்டையில் 'வயது' என்று இருந்த ஒரு சின்னக் கட்டத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

பிரசவ வார்டிலிருந்து

விடுதி நாட்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "லேடி டாக்டரான நீங்கள் ஏன் கண் பக்கம் போனீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பெரிய லட்சியம் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். உண்மையான பதில், அலுப்பு.

அந்த நாளில் பெண் டாக்டர் என்றால் பிரசவ வார்டுதான். கேள்வியே கிடையாது. ஆறு வருடம் பிரசவம் பார்த்தேன். ஒன்பதாவது பிள்ளைக்கு வந்தவளும் பத்தாவது பிள்ளைக்கு வந்தவளும் அடுத்தடுத்த கட்டிலில் கிடப்பார்கள். தாயைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த வருடம் அதே முகம் அதே வாசலில் நிற்கும். எனக்கு முதுகுவலி வந்தது. பிறகு கோபம் வந்தது. கடைசியில் அதுவும் போய் வெறும் சோர்வு மட்டும் மிஞ்சியது.

கண் என்றால் இரத்தம் குறைவு, கூச்சல் இல்லை. அதிலும் எனக்குக் கத்தி பிடிக்கிற ஆசைகூட இல்லை. பார்வையை அளந்து, பொருத்தமான கண்ணாடி கொடுக்கிற பகுதிதான் பிடித்திருந்தது. எதிரே உட்கார்ந்தவர் "ஆ, இப்ப தெரியுது" என்பார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. இப்படி 'முடிந்தது' என்று சொல்லக்கூடிய ஒரு வேலைக்காகத்தான் ஏங்கினேன். லீவு போட்டுவிட்டு மேற்படிப்பில் சேர்ந்தேன். தேறினால் கண் பிரிவில் போஸ்டிங். தேறாவிட்டால் பழைய வார்டு. இப்படித்தான் என் நிலைமை இருந்தது.

நேர்கோடு

படிப்பின் கடைசி வருடம் ஓர் ஆய்வு செய்ய வேண்டும். என்னை மேற்பார்த்த புரொபசர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு ஒழுங்கின் மேல் ஒரு வெறி. மேசைமேல் பென்சில்கள் உயர வரிசையில் கிடக்க வேண்டும். "வெள்ளெழுத்து எந்த வயதில் வருகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். நீங்கள் கறம்பக்குடிக்காரர்தானே, உங்கள் பக்கமே போய்ப் பாருங்கள்" என்றார். நாற்பதை ஒட்டிக் கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்குகிறதே, அதுதான் வெள்ளெழுத்து.

முதலில் திருமயம் பக்கத்துச் செட்டியார் ஊர்களுக்குப் போனேன். அங்கே வயது கேட்பது சுலபம். கேட்டால் ஜாதகத்தையே எடுத்து வந்து, நாள், நட்சத்திரம், நாழிகை வரை காட்டுவார்கள். பலகாரத் தட்டோடு உட்காரவைத்து, வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். இரண்டு மாதத்தில் உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

பிறகு கடற்கரைக்கு வந்தேன். மணமேல்குடியிலும் மீமிசலிலும் வலை முடிகிற பெண்கள் நிறைய. நைலான் நூல் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பருத்தி நூலில் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போட்டவர்கள், இந்த மெல்லிய வழுக்கு நூலில் தடுமாறினார்கள். கண்ணாடி அவர்களுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது.

பள்ளிக்கூடத்தின் சாமான் அறை ஜன்னலில் சாக்கைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு நான் உள்ளே இருப்பேன். ஒருவர் மாற்றி ஒருவர் வருவார்கள். கண்ணுக்குள் ஒளியை விட்டுப் பார்ப்பேன், லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போடுவேன். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஊசியைக் கொடுத்து நூல் கோக்கச் சொல்வேன். கோத்துவிட்டால், "ப்ளஸ் ஒன்றரை!" என்று வெளியே கேட்கும்படி கத்துவேன். வெளியே உட்கார்ந்திருக்கும் என் உதவியாளர் அடைக்கலம் அதை அட்டையில் எழுதிக்கொள்வார். கண்ணில் வேறு கோளாறு இருந்தால் சாயங்காலம் என் நோட்டைப் பார்த்து நானே அட்டையில் குறிப்பேன். உள்ளே அடுப்புக்குள் இருப்பதுபோல் இருக்கும். யார் முகமும் எனக்கு நினைவில் நின்றதில்லை. இருட்டில் எல்லாரும் எனக்கு இரண்டு கண்கள்தான்.

இரண்டு இடத்துக் கணக்குகளையும் வரைபடத் தாளில் புள்ளிகளாக வைத்து எடுத்துக்கொண்டு புரொபசரிடம் போனேன்.

திருமயம் பக்கத்துத் தாளில் புள்ளிகள் இறைத்துவிட்ட அரிசிபோல் கிடந்தன. அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இங்கே நீங்கள் கவனமாக வேலை செய்யவில்லை" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தின்ற பலகாரமெல்லாம் நினைவுக்கு வந்தது.

கடற்கரைத் தாளை விரித்தார். புள்ளிகள் ஏணிப்படிபோல் ஒழுங்காக ஏறின. நாற்பது வயதுக்கு ப்ளஸ் ஒன்று, நாற்பத்தைந்துக்கு ஒன்றரை, ஐம்பதுக்கு இரண்டு. ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தார். எழுந்து நின்று இன்னொரு முறை பார்த்தார்.

"வயதை மட்டும் கேட்டால் போதும், கண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று ஆகிறதே! டாக்டர் போகாத ஊருக்கெல்லாம் வயதுப் பட்டியலை வைத்தே கண்ணாடி அனுப்பிவிடலாம்" என்றார். சர்க்காருக்கு ஒரு கடிதமும் எழுதத் தொடங்கிவிட்டார். அவர் அன்று என்னைப் பாராட்டியதுபோல் என் தகப்பனார்கூட என்னைப் பாராட்டியதில்லை.

கட்டம் காலியாக இருக்கக்கூடாது

அடைக்கலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு கண்ணாடிக்கடையில் இருபது வருடம் இருந்தவர். லென்ஸை விரலால் தடவிப் பார்த்தே பவர் சொல்வார். கடை கைமாறிய பிறகு, என் வேலைக்காகக் கூட வந்தார். லென்ஸ் பெட்டியைப் பஸ்ஸில் மடியில்தான் வைத்துக்கொள்வார். அறந்தாங்கியில் பஸ் மாறும்போது எனக்கு இடம் கிடைக்கிறதோ இல்லையோ, பெட்டிக்கு இடம் கிடைத்துவிடும்.

வராந்தாக் கூட்டம் கலைந்ததும் அவரைக் கூப்பிட்டு, இரண்டு அட்டைகளையும் காட்டினேன்.

"இந்த வயசை யார் சொன்னது அடைக்கலம்?"

"யாரும் சொல்லலீங்க. நாந்தான் போட்டேன்."

"எதைப் பார்த்துப் போட்டீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். இதுகூடவா தெரியாது என்கிற பார்வை.

"பவரைப் பாத்துத்தாங்க. ப்ளஸ் ஒண்ணுன்னா நாப்பது. ஒண்ணரைன்னா நாப்பத்தஞ்சு. ரெண்டுன்னா அம்பது. எங்க கடையில செவுத்துலயே அட்டை தொங்குமே. இவுககிட்ட வயசு என்னன்னு கேட்டா, நீங்களே பாத்துப் போட்டுக்கங்கங்கிறாக. நான் என்னத்தைப் பாக்குறது? நீங்க உள்ள இருந்து பவரைச் சொல்றீங்க. அதை வச்சு இங்கிட்டு வயசைப் போட்டுட்டேன்."

"எல்லா அட்டையிலயுமா?"

"மீமிசல், மணமேல்குடி எல்லாத்துலயுந்தான். கட்டம் காலியா இருக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன். காலிக் கட்டம் உள்ள அட்டையைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று புரொபசர் எனக்கு எழுதியிருந்தார். நான் அதை அடைக்கலத்துக்குச் சொன்னேன். வயதுக்கு ஏற்பக் கண்ணின் தேவை எப்படி ஏறுகிறது என்று நாங்கள் கண்டுபிடித்ததெல்லாம், புதுக்கோட்டைக் கண்ணாடிக்கடையின் சுவரில் தொங்கிய அட்டையைத்தான்.

அவரைத் திட்டினேன். ரொம்பவே திட்டினேன். பிறகு செல்லாயியின் அட்டையை மறுபடி பார்த்தேன். 'இரு கண்ணிலும் புரை தொடக்கம்' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. புரை விழத் தொடங்கும்போது சிலருக்குக் கிட்டத்துப் பார்வை திரும்பிவந்ததுபோல் இருக்கும். அறுபது வயதிலும் மெல்லிய கண்ணாடியே போதும். மகளுக்கு நேர்மாறு. பிறவியிலேயே அவள் கண் கிட்டத்து வேலைக்குச் சிரமப்படுகிற கண். சீக்கிரமே கனத்த கண்ணாடி கேட்கும். இதெல்லாம் எனக்குத் தெரிந்த பாடம். நாற்பது வயதுக்காரிக்கு எப்படிப் புரை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். கோடு நேராக இருந்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. அடைக்கலத்தைத் திட்டியதில் பாதி, என்னைத் திட்டிக்கொண்டதுதான்.

புரொபசர் சொன்னது

ரயிலேறிப் போய்ச் சொன்னேன்.

"கிராமத்தில் வயது என்பது எப்போதுமே குத்துமதிப்புதானேம்மா" என்றார் புரொபசர்.

"குத்துமதிப்பு இல்லை சார். கண்ணாடியைப் பார்த்து வயது. அந்த வயதைப் பார்த்து மறுபடி கண்ணாடி. வெறும் வட்டம்."

ஒரு பென்சிலை எடுத்து, அது கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "இதை வெளியே சொல்லாமலும் இருக்கலாம். பரிசோதகர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். நானே கண்டுபிடிக்கவில்லையே" என்றார்.

அதை அவர் ஆசை காட்டுவதற்காகச் சொன்னாரா, என்னைச் சோதிக்கச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பிரசவ வார்டின் வாசனை அப்படியே மூக்கில் ஏறியது. ஆனால் சர்க்காருக்குப் போன அந்தக் கடிதத்தை நினைத்தேன். வயது தெரியாத ஊர்களுக்கு வயதைப் பார்த்துக் கண்ணாடி வரும். செல்லாயிக்கு அறுபதுக்கான கனத்த கண்ணாடியை மாட்டி, ஒன்றும் தெரியாமல் தடுமாறவிடுவார்கள். அதைச் செய்ய மனம் வரவில்லை.

"மறுபடி போய் வயதைக் கேட்டு வருகிறேன் சார்" என்றேன்.

"இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் முடிந்தால் பார்ப்போம்" என்றார். சர்க்காருக்கு எழுதிய கடிதத்தை அவரே திரும்ப வாங்கிக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது.

முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருத்திய புள்ளிகளும் அரிசி இறைத்ததுபோல்தான் விழுந்தன. கோடு இல்லை. 'வயதை மட்டும் வைத்து ஒருவர் கண்ணுக்கு என்ன தேவை என்று சொல்ல முடியாது' என்ற ஒரு வரியைத்தான் என் ஆய்வு சொன்னது. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றார் ஒரு பரிசோதகர். ஆனாலும் பாஸ் போட்டுவிட்டார்கள். எனக்குக் கண் பிரிவு கிடைத்தது. பிரசவ வார்டுக்கு நான் திரும்பவே இல்லை.

வராந்தாவில் எண்ணியது

ஊர் ஊராக மறுபடி போனோம். வயது என்ன என்று கேட்பதை விட்டுவிட்டோம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று விளக்கை மூடச் சொன்னார்களே, அப்போது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா? சுதந்திரம் வந்தபோது எத்தனை பிள்ளை? இப்படிக் கேட்டால் பெண்கள் எல்லாவற்றையும் பிள்ளைகளை வைத்துத்தான் சொன்னார்கள். மூத்தது பிறந்தது, அதற்கடுத்தது செத்தது, நடுவில் கலைந்தது. வருடம் தெரியாது, ஆனால் எது பால்குடி மறந்தபோது எது வயிற்றில் வந்தது என்று தெரியும். எந்த வார்டிலிருந்து ஓடி வந்தேனோ அந்த வார்டே வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நாளெல்லாம் குறித்துக் குறித்துக் கை ஓய்ந்துபோகும்.

மீமிசலில் காளியம்மாளின் முறை வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். கூடவே செல்லாயி. பின்னால் ஏழெட்டுப் பெண்கள், அவளுடைய நாத்தனார் உட்பட.

"விளக்கை மூடச் சொன்ன வருசம் இவளுக்கு என்ன வயசு?" என்று செல்லாயியைக் கேட்டேன்.

"அந்த வருசந்தான் தாயி இவ சமைஞ்சா. குடிசைக்குள்ள விளக்கு வைக்கக்கூடாதுன்னுட்டாக. தண்ணி ஊத்துனதுகூட இருட்டுக்குள்ளதான்."

"கல்யாணம்?"

"அதுக்கு மறுவருசம்."

பிறகு காளியம்மாள் சொன்னாள். "எட்டுப் பெத்தேன். மூணு தங்குச்சு." ஒவ்வொன்றாகச் சொன்னாள். அடைக்கலம் எழுதினார். நான் விரல்விட்டு எண்ணினேன். இரண்டு வழியில் எண்ணியும் ஒரே இடத்துக்கு வந்தது.

"முப்பத்தாறு" என்றேன். சத்தமாக, சந்தோஷமாகத்தான் சொன்னேன். ஒரு பெண்ணுக்குப் பதினான்கு வருடத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்கிற நினைப்பு எனக்கு.

அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "சரியா எண்ணுனீங்களா?" என்றாள்.

"ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

அவள் மேசைப்பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். "அம்பதுன்னு நீங்க எழுதிக் குடுத்தீங்கள்ல, அந்தச் சீட்டைத்தான் எங்க வீட்டுக்காரவுககிட்டக் காட்டுனேன். எனக்கு வயசாயிருச்சு, இனிமே புள்ளை குட்டின்னு ஆகாதுன்னேன். டாக்டரம்மா கண்ணுக்குள்ள பாத்து எழுதுனதுன்னு சொன்னதும் அவுகளும் ஒண்ணும் பேசலை. நாலு மாசமா ஒதுங்கித்தான் இருக்காக." நாத்தனார் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அம்பதுன்னே போட்டுக்கங்க தாயி."

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து நாத்தனார் சிரித்தாள். "அடியே, முப்பத்தாறாம்ல ஒனக்கு! இரு, எங்க அண்ணங்கிட்டச் சொல்றேன்." மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்கு அன்று வேறு எதுவும் ஓடவில்லை. பொய் எழுதிய கட்டங்களைத் திருத்தவே வந்திருக்கிறேன். இதையும் திருத்த வேண்டும், அவ்வளவுதான் புத்தியில் இருந்தது. அட்டையில் திருத்தினேன். அதோடு விட்டிருக்கலாம், என் ஆய்வுக்கு அது போதும். "சீட்டையும் குடுங்க" என்று கை நீட்டினேன். கொடுத்தாள். ஐம்பதை அடித்து, முப்பத்தாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

ஆறு வருடம் பிரசவம் பார்த்தவள் நான். அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்ல எனக்கு எவ்வளவோ தெரியும். அவள் புருஷனை வரவழைத்து, இந்த உடம்பு இன்னொன்றைத் தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டாக்டர் சொல்லுக்கு அவன் கட்டுப்பட்டிருப்பான். ஒன்றும் செய்யவில்லை. அலுத்துப் போயிருந்தேன், இன்னும் பதினைந்து அட்டை பாக்கி இருந்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

காளியம்மாள் சீட்டை வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அடித்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, இரண்டு காம்புகளையும் மடக்கி, என் மேசைமேல் வைத்தாள்.

"இது அம்பது வயசுக்காரிக்குக் குடுத்ததுதானே" என்றாள்.

அப்படியில்லை, கண்ணாடி கண்ணுக்குத்தான், வயதுக்கு இல்லை என்று எழுந்து நின்று சொன்னேன். அவள் அதற்குள் வெயிலில் இறங்கிவிட்டாள். செல்லாயி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மகளுக்குப் பின்னால் போனாள்.